டூரிங் பைக்கை ஏற்றிப் போக எவ்வளவு பெரிய ட்ரெய்லர் வேண்டும்?

அமெரிக்காவில் நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய டூரிங் பைக் வாங்கிய எல்லோரும் ஒரு நாள் இந்த யோசனைக்கு வந்துவிடுவார்கள்: ஓட்டிக்கொண்டே போவதா, ஏற்றிக்கொண்டு போவதா? ஏற்றிக்கொண்டு போவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. டாலஸிலிருந்து டென்னசி எல்லையில் இருக்கிற டீல்ஸ் கேப் மலைக்கணவாய்க்குப் போக 900 மைலுக்கு அருகில் வரும். அதில் பெரும்பாலும் நேராக ஓடும் இன்டர்ஸ்டேட். ஜூலை வெயிலில் அந்தச் சாலையில் இரண்டு நாள் வறுபட்டுவிட்டு, 11 மைலில் 318 வளைவுகள் இருக்கிற 'டெயில் ஆஃப் தி டிராகன்' மலைச்சாலைக்குப் போய்ச் சேரும்போது உடம்பில் தெம்பு இருக்காது. குடும்பத்தோடு வேனில் போய், மலையடிவாரத்தில் பைக்கை இறக்கி ஓட்டுவது நல்ல ஏற்பாடு. பிள்ளைகளும் உடன் வருவார்கள்.

ஆனால் அதற்குச் சரியான ட்ரெய்லர் வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'என் பைக் எட்டரை அடி, எத்தனை அடி ட்ரெய்லர் வாங்கலாம்?' என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது யாராவது கேட்டால் நீளத்தைக் கடைசியாகப் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன். முதலில் இழுக்கப் போகிற கார். அப்புறம் பைக்கின் எடை. அப்புறம் பைக்குக்குப் பக்கத்தில் நின்று அதைக் கட்டப் போகிற ஆளுக்கு வேண்டிய இடம். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் நீளம் தானாக அமைந்துவிடும்.

காரிலிருந்து தொடங்குங்கள்

நம்மவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். சியன்னா, ஒடிஸி வேன்கள் 3,500 பவுண்டு வரை இழுக்கும். பெட்ரோல் ஹைலேண்டர் 5,000, ஹைப்ரிட் என்றால் 3,500. பைலட்டில் நான்கு சக்கர இயக்கம் உள்ளது 5,000, இல்லாதது 3,500. ராவ்4 மாடல்களில் பல 1,500 பவுண்டில் நின்றுவிடும். டெஸ்லா மாடல் ஒய்க்கு இழுவைப் பேக்கேஜ் இருந்தால் 3,500. ஆனால் பெட்டி ட்ரெய்லரை இழுத்தால் அதன் ரேஞ்ச் பெருமளவு குறையும். சார்ஜ் போடப் பல நிலையங்களில் ட்ரெய்லரைக் கழற்றித்தான் நிறுத்த முடியும். ஆண்டுக்கும் மாடலுக்கும் இந்த எண்கள் மாறும் என்பதால் உங்கள் வண்டியின் கையேட்டைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில கையேடுகளில் ட்ரெய்லரின் முகப்புப் பரப்பு இத்தனை சதுர அடிக்கு மேல் போகக் கூடாது என்றும் இருக்கும். உயரமான பெட்டி ட்ரெய்லர் வாங்க நினைப்பவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

இந்த 3,500 என்கிற எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். ட்ரெய்லர் காரின் பின்புறத்தில் அழுத்துகிற எடையும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஸ்டிக்கரில் 1,200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டியில் ஐந்து பேர், சேர்த்து 750 பவுண்டு. பெட்டி படுக்கை, ரைஸ் குக்கர், தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் 200. ட்ரெய்லர் அழுத்துவது 280. மொத்தம் 1,230. இழுவைத் திறனில் இன்னும் ஆயிரம் பவுண்டு மிச்சம் இருக்கும்போதே வண்டி அளவு மீறிவிட்டது. வேனில் குடும்பத்தோடு போகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ட்ரெய்லரை மாட்ட காரின் பின்னால் பொருத்துகிற ஹிட்சுக்கும் தனி வரம்பு உண்டு. கிளாஸ் 1 என்றால் 2,000 பவுண்டு, கிளாஸ் 2 என்றால் 3,500. அதற்கு மேல் கிளாஸ் 3. ஹிட்ச், அதில் செருகும் பால் மவுண்ட், மேலே திருகிய பால் என்கிற இரும்பு உருண்டை, கார் ஆகிய நான்கில் எதன் வரம்பு குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. பாலின் அளவையும் பாருங்கள். ட்ரெய்லரின் கப்ளர் (பாலின் மேல் கவிழ்ந்து பூட்டுகிற பகுதி) 2 அங்குலத்துக்கு உரியது, காரில் இருப்பது 1⅞ அங்குல பால் என்றால் மாட்டும்போது பொருந்தியது போலவே இருக்கும். சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கழன்றுவிடும். கப்ளரின் மேல் அளவு பொறித்திருக்கும், பாலின் தலையிலும் பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பைக்கின் எடையும் அளவும்

2018-ல் வந்த ஹோண்டா கோல்டுவிங் டூர் 101 அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம். டி.சி.டி. என்கிற தானியங்கி கியர் உள்ளது சுமார் 845 பவுண்டு. அதற்கு முந்தைய 1800 சிசி கோல்டுவிங் 104 அங்குலத்தைத் தொடும், எடையும் 900-க்குப் பக்கம். ஹார்லியின் அல்ட்ரா லிமிடெட் 102 அங்குலம் சொச்சம், 900-க்கு மேல். பிஎம்டபிள்யூ கே 1600 ஜிடிஎல் இவற்றில் சிறியது, 98 அங்குலம்.

இவை காகிதத்தில் இருக்கும் எண்கள். உங்கள் பைக்கை நீங்களே டேப் வைத்து அளங்கள். பின்னால் லக்கேஜ் ரேக் போட்டிருப்பீர்கள், கொடிக்கம்பம் வைத்திருப்பீர்கள், கண்ணாடி மாற்றியிருப்பீர்கள். முன் சக்கரத்தின் நுனியிலிருந்து பின்பக்கம் கடைசியாக நீட்டிக்கொண்டிருப்பது வரை நீளம். கண்ணாடிகளோடு சேர்த்து அகலம். பெரும்பாலும் 36 முதல் 38 அங்குலம் வரும். விண்ட்ஷீல்டை முழுதும் உயர்த்தி வைத்து உயரம். அப்புறம் யாரும் அளக்காத ஒன்றையும் அளங்கள்: இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் வயிற்றுப் பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று. இந்த வகைப் பைக்குகளுக்கு அது ஏறக்குறைய 5 அங்குலம்தான். பைக்கை ஏற்றுகிற சரிவுப் பலகையான ராம்ப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

எடைக்கு நான் போடும் கணக்கு இது. பைக் 845. டாப் பாக்ஸிலும் பக்கப் பெட்டிகளிலும் இருக்கும் சாமான் 60. வீல் சாக் (முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற சட்டம்), கட்டும் பட்டைகள், கருவிப்பெட்டி 60. ஹெல்மெட், ஜாக்கெட், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி என்று ட்ரெய்லரில் வந்து சேர்கிறவை 100. ஆக 1,065. ட்ரெய்லர் காலியாக இருந்தால் இடம் இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் ஏதாவது கொண்டுவந்து வைப்பார்கள். அந்த 100 பவுண்டை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

ட்ரெய்லரின் தகட்டில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஒரு எண் இருக்கும். ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து அதற்கு மேல் போகக் கூடாது. அதிலிருந்து ட்ரெய்லரின் வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடியது வரும். விற்பவர் '3,000 பவுண்டு ட்ரெய்லர்' என்று சொன்னால் 3,000 பவுண்டு ஏற்றலாம் என்று பொருள் இல்லை. 6 அடிக்கு 12 அடி அளவுள்ள ஒற்றை அச்சுப் பெட்டி ட்ரெய்லரே 1,300 பவுண்டு அளவில் இருக்கும். தகட்டில் 2,990 என்றால் ஏற்ற மிஞ்சுவது 1,690. ஒரு பைக்குக்குத் தாராளம். நண்பரின் ஹார்லியையும் சேர்த்து ஏற்ற நினைத்தால் முடியாது. இரண்டு பெரிய பைக் என்றால் இரட்டை அச்சு, 7க்கு 14 என்று போய்விடும். அதை இழுக்க வேன் போதாது, பிக்கப் வேண்டும்.

அகலம்தான் ஏமாற்றும்

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதல் முறை நண்பர் ஒருவரின் 5க்கு 10 பெட்டி ட்ரெய்லரை இரவல் வாங்கினேன். கோல்டுவிங்கின் நீளம் 101 அங்குலம், ட்ரெய்லரின் உள்நீளம் 120. அகலம் 37-க்கு 60. நன்றாகப் பொருந்தும் என்று நினைத்தேன். தரை அளவில் பொருந்தியது உண்மைதான். ஆனால் 5 அடி என்பது பெயருக்குத்தான். உள்ளே சுவருக்குச் சுவர் அளந்தால் 56 அங்குலம். பைக்கின் கண்ணாடி அகலத்தைக் கழித்தால் 19. நடுவில் நிறுத்தினால் ஒரு பக்கத்துக்கு ஒன்பதரை அங்குலம். என் தோளின் பாதி அகலம் கூட இல்லை.

பைக்கை மெல்ல உள்ளே செலுத்தி முன் சக்கரத்தை வீல் சாக்கில் உட்கார வைத்துவிட்டேன். இறங்கக் காலைத் தூக்கினால் முழங்கால் ப்ளைவுட் சுவரில் இடிக்கிறது. பக்க ஸ்டாண்டில் சாய்க்கலாம் என்றால், சாய்ந்தால் கண்ணாடி சுவரில் படும். கடைசியில் சீட்டின் மேல் முழங்கால் போட்டு, டாப் பாக்ஸின் மேல் தவழ்ந்து பின்பக்கமாக இறங்கினேன். பின் பட்டைகளை வெளியில் நின்று மாட்டிவிட்டேன். முன் பட்டைகளுக்கு? பைக்கின் பக்கத்தில் தரையோடு ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் நீட்டி மாட்ட வேண்டியிருந்தது. இறுக்கம் சரியாக இருக்கிறதா என்று எழுந்து பார்க்க வழியில்லை. பாதி வழியில் திறந்து பார்த்தபோது இடது முன் பட்டை தளர்ந்திருந்தது. சாக் பிடித்திருந்ததால் பைக் சாயவில்லை.

அன்றிலிருந்து நான் சொல்வது: பைக்கை அளந்த பிறகு உங்களையும் அளந்துகொள்ளுங்கள். குந்தி உட்கார்ந்து, பட்டையை இறுக்குகிற ராட்செட்டை முன்னும் பின்னும் ஆட்ட ஒரு பக்கமாவது 15 அங்குலம் வேண்டும். 6 அடி அகலப் பெட்டி ட்ரெய்லரில் உள் அகலம் 68 அங்குலம் அளவில் வரும். பைக்கை நடுவில் வைத்தாலும் இரு பக்கமும் 15 அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு சக்கரத்தின் மேலேயே எடை சாயும்.

முன்பக்கத்தில் பக்கவாட்டுக் கதவு இருக்கிற ட்ரெய்லராகத் தேடுங்கள். முன் பட்டைகளை மாட்டிவிட்டு அந்தக் கதவு வழியாக வெளியே வந்துவிடலாம். பாதி வழியில் எட்டிப் பார்க்கவும் பின் ராம்ப்பைத் திறக்க வேண்டியதில்லை. உள் உயரம் 6 அடிக்குக் குறைய வேண்டாம். குனிந்த முதுகோடு அரை மணி நேரம் வேலை செய்தால் அடுத்த நாள் பைக்கில் உட்காரவே முடியாது.

5, 6, 7 அடி அகலப் பெட்டிகளில் சக்கரங்கள் வழக்கமாகப் பெட்டிக்கு வெளியே இருக்கும். எட்டரை அடி அகலத்துக்குப் போனால் சக்கர வளைவுகள் உள்ளே துருத்திக்கொண்டு வரும். அகலமாக இருக்கிறது என்று வாங்கி, இரண்டு பைக்கை அருகருகே நிறுத்தும்போது அந்த வளைவுகள் இடிக்கும். கடைக்கு டேப் இல்லாமல் போகாதீர்கள்.

முன்பாரம்

எங்கள் ஊரில் பெரியப்பா மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றும்போது நான் கூட நின்றிருக்கிறேன். முதல் நான்கு மூட்டையை ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். "முன்பாரம் போதலடா, அந்த ரெண்டு மூட்டையை முன்னால தள்ளு" என்பார். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அதிகமானால் மாடு கழுத்தைத் தூக்க முடியாமல் தள்ளாடும்.

இங்கே டங் வெயிட் என்று சொல்கிறார்களே, அது இந்த முன்பாரம்தான். ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்சின் மேல் இறங்க வேண்டும். மொத்தம் 2,365 பவுண்டு என்றால் 237-லிருந்து 355 வரை. 3,500 பவுண்டு இழுக்கும் வேன்களுக்கு முன்பார வரம்பு பெரும்பாலும் 350 என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 280 அளவில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த இடம். 10 சதவீதத்துக்குக் குறைந்தால் வேகம் கூடக் கூட ட்ரெய்லரின் வால் இடவலமாக ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும்போது அந்த ஆட்டம் காரையும் சேர்த்து உலுக்கும். அப்படி ஆடினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். கார் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள்.

நீளத்தைக் கடைசியில் பேசலாம் என்று சொன்னேனே, இப்போது பேசுவோம். 8 அடி ட்ரெய்லரின் உள்நீளம் 96 அங்குலம். 101 அங்குல கோல்டுவிங் அதில் போகாது. மூக்கு வி வடிவில் இருந்தால் முன் சக்கரத்தை அந்த மூக்கில் நுழைத்து எப்படியோ கதவை மூடிவிடலாம். நகர்த்த இடம் இருக்காது. 10 அடியில் 19 அங்குலம் மிச்சம். அதில் வீல் சாக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், முன் பட்டைகள் முன்னோக்கிச் சரிந்து இறங்கக் கொஞ்சம் இடம் வேண்டும். பைக் எங்கே நிற்கும் என்பதை அங்கே ட்ரெய்லர்தான் தீர்மானிக்கிறது. முன்பாரம் சரியாக வந்தால் உண்டு. 12 அடியில் 43 அங்குலம் மிச்சம். இங்கே தீர்மானிப்பது நீங்கள்.

அந்த நகர்த்தலுக்கு எவ்வளவு வலிமை என்று ஒரு கணக்கு. கப்ளரிலிருந்து அச்சு வரை 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 850 பவுண்டு பைக்கை ஒரு அடி முன்னே தள்ளினால் முன்பாரம் 85 பவுண்டு கூடும். அரை அடி பின்னே தள்ளினால் 42 குறையும். பெரியப்பா மூட்டையை நகர்த்தியது இதற்குத்தான். ஒரு பெரிய டூரிங் பைக், இழுக்க மினிவேன் அல்லது நடுத்தர எஸ்யூவி என்றால் 6க்கு 12 ஒற்றை அச்சு என்று நான் சொல்வதும் இதனால்தான். சிறிய ட்ரெய்லரைப் பின்னால் எடுப்பது சுலபம் என்று நினைப்பார்கள். உண்மையில் நீளமான ட்ரெய்லர் மெதுவாகத் திரும்பும், குட்டையானது கண்ணிமைக்கும் நேரத்தில் மடங்கிக்கொள்ளும்.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். குளியலறைத் தராசு 300 பவுண்டோடு நின்றுவிடும் என்றால் ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை தராசின் மேல், இன்னொரு முனை அதே உயரமுள்ள செங்கல் மேல். இரண்டுக்கும் நடுவே சரியாக 3 அடி. ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கப்ளரின் எடையைச் செங்கல் பக்கத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் பலகையின் மேல் இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். பலகை மட்டும் இருக்கும்போது தராசு என்ன காட்டியது என்று பார்த்து அதை முதலில் கழித்துவிடுங்கள். மொத்த எடைக்கு ட்ரக் ஸ்டாப்களில் இருக்கும் 'கேட்' (CAT) எடைமேடைக்குப் போகலாம். கார் ஒரு மேடையிலும் ட்ரெய்லர் இன்னொரு மேடையிலும் நிற்கும்படி நிறுத்தினால் சீட்டில் தனித்தனியாகப் போட்டுக் கொடுப்பார்கள்.

சரியான இடம் கிடைத்ததும் வீல் சாக்கை அங்கேயே போல்ட் போட்டு நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் தரையில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

திறந்ததா, மூடியதா

திறந்த ட்ரெய்லர் இலகுவானது, விலை குறைவு, காற்றில் அதிகம் இழுபடாது. 1,500 பவுண்டு மட்டும் இழுக்கும் ராவ்4 வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் 500 பவுண்டு திறந்த ட்ரெய்லரில் 900 பவுண்டு ஏற்றினாலே 1,400 வந்துவிடும், வரம்பு 1,500. நான் அந்த விளிம்பில் ஓட்ட மாட்டேன். மழையும் சிறு கற்களும் பைக்கின் மேல் படும். அதற்காகப் பைக் உறையைப் போட்டு மூடிக்கொண்டு போகாதீர்கள். 60 மைல் வேகத்தில் அந்தத் துணி படபடத்துப் பெயின்ட்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

புல்வெட்டும் இயந்திரம் ஏற்ற விற்கிற திறந்த ட்ரெய்லர்களில் பின் கதவு கம்பி வலையால் ஆனது. 850 பவுண்டும் ஒரே டயர் அகலத்தில் இறங்கும்போது அது வளையும். தனி ராம்ப் இல்லாமல் அதில் ஏற்றாதீர்கள்.

மூடிய பெட்டி திருட்டுக்கு நல்லது, ஹோட்டல் வாசலில் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். விலை கூடுதல். எதிர்க்காற்றில் பெட்ரோல் குடிக்கும். இடம் இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: கென்டன் போன்றவர்கள் செய்கிற மடக்கு ட்ரெய்லர். வேலை முடிந்ததும் செங்குத்தாக நிமிர்த்தி கராஜ் சுவரோரம் தள்ளி வைத்துவிடலாம்.

அதனால் வாங்குவதற்கு முன் வாசலை அளங்கள். 12 அடிப் பெட்டிக்கு முன்னால் காரோடு இணைக்கிற நாக்கு ஒரு 3, 4 அடி. மொத்தம் 16 அடி ஆகிவிடும். பெரும்பாலான வீடுகளில் கராஜ் கதவு 7 அடி உயரம். 6 அடிக்கு மேல் உள்ளுயரம் வைத்த பெட்டி அதில் நுழையாது. ட்ரெய்லரை டிரைவ்வேயில் நிறுத்தக் கூடாது என்று பல எச்.ஓ.ஏ.க்கள் (வீட்டு உரிமையாளர் சங்கங்கள்) விதி வைத்திருக்கின்றன. வாங்கிய பிறகு கடிதம் வருவதற்குள் விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள். வெளியில் வாடகைக்கு நிறுத்துவதென்றால் அந்த மாதச் செலவையும் ட்ரெய்லர் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பிரேக், டயர்

ஒற்றை அச்சு ட்ரெய்லர்களின் தகட்டில் 2,990 என்கிற வினோதமான எண் ஏன் என்று பலரும் கேட்பார்கள். அச்சு 3,500 பவுண்டு தாங்கும். பல மாநிலங்களில் 3,000 பவுண்டிலிருந்து ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால் அதற்குக் கீழே நிறுத்திவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் அந்த வரம்பு 1,500. உங்கள் காரின் கையேடு அதைவிடக் குறைந்த எடையிலேயே பிரேக் கேட்கலாம். என்னைக் கேட்டால் சட்டம் கேட்காவிட்டாலும் மின்சார பிரேக் உள்ளதாக வாங்குங்கள். வேனின் நான்கு டிஸ்க்குகளும் மலை இறக்கத்தில் கூடுதலாக 2,400 பவுண்டைப் பிடித்து நிறுத்துவது பெரிய வேலை. பிரேக் இருந்தால் காரில் ஏழு முனை இணைப்பும் கன்ட்ரோலரும் வேண்டும். வெறும் விளக்குக்கு நான்கு முனை போதும்.

டயரில் எஸ்.டி. என்று இருக்க வேண்டும், அது ட்ரெய்லருக்கானது. பழைய ட்ரெய்லர் வாங்கினால் டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து போவதைவிட நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து போவதுதான் அதிகம். பட்டன் பளபளவென்று இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். டயரில் வேறு வேகக் குறியீடு இல்லை என்றால் 65 மைலைத் தாண்டாதீர்கள். கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55 தான்.

ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

முதல் பயணத்துக்கு வாடகை ட்ரெய்லர் எடுப்பது நல்லது. யு-ஹாலில் மோட்டார்சைக்கிளுக்கென்றே திறந்த ட்ரெய்லர் உண்டு. சாக்கும் ராம்ப்பும் அதிலேயே இருக்கும். 55 மைலுக்கு மேல் போகாதீர்கள் என்று அவர்களே சொல்வார்கள். ஒருமுறை போய் வந்தால் உங்களுக்கு எது போதும், எது போதாது என்று தெரிந்துவிடும்.

வாங்கும்போது பைக்கோடு கடைக்குப் போய் ஏற்றிப் பாருங்கள். ராம்ப் முடிந்து தரை தொடங்குகிற முகட்டில்தான் டூரிங் பைக்கின் வயிறு உரசும். தரை 20 அங்குல உயரம், ராம்ப் 6 அடி என்றால் சரிவு ஏறக்குறைய 16 டிகிரி. 5 அங்குல இடைவெளி உள்ள பைக்குக்கு அது இறுக்கம். ராம்ப்பின் நுனியில் மடக்குப் பலகை சேர்த்து நீட்டியிருந்தால் சரிவு குறையும். வீட்டில் இன்னொரு வழி உண்டு. டிரைவ்வே தெருவைவிட உயரமாக இருந்தால் ட்ரெய்லரைத் தெருவில் நிறுத்தி, ராம்ப்பின் நுனி மேட்டில் வந்து உட்காரும்படி செய்யுங்கள். அப்போதும் சரிவு குறையும்.

ஏற்றும்போது ட்ரெய்லர் காரில் மாட்டியே இருக்க வேண்டும். கழற்றி வைத்து ஏற்றினால் பைக்கின் எடை பின்னால் இறங்கிய நொடியில் மூக்கு மேலே எழும்பிவிடும். பைக்கில் உட்கார்ந்து ஓட்டி ஏற்றுவதையும் நான் விட்டுவிட்டேன். டி.சி.டி. கோல்டுவிங்கில் நடை வேகத்தில் முன்னும் பின்னும் போகிற வாக்கிங் மோட் இருக்கிறது. பக்கத்தில் நடந்தபடி அதில் ஏற்றலாம். 6 அடி அகலம் இருந்தால்தான் அப்படி நடக்கவும் முடியும். உதவிக்கு இன்னொருவர் மறுபக்கம் நிற்கட்டும், பைக்கின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

கட்டுவதற்கு நான்கு ராட்செட் பட்டை. முன் இரண்டும் முன்னோக்கிச் சரிந்து கீழே, பின் இரண்டும் பின்னோக்கிச் சரிந்து கீழே. பட்டையின் கொக்கி பைக்கில் நேராகப் படாமல் நடுவில் மென்மையான வளையத் துணி. ஹேண்டில்பாரில் கட்டாதீர்கள், இந்த எடைக்கு அது வளைந்துவிடும். ஹார்லியில் முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் தட்டு நல்ல இடம். 2018-க்குப் பிந்தைய கோல்டுவிங்கின் முன்பக்க அமைப்பே வேறு, வழக்கமான ஃபோர்க் அதில் கிடையாது. எங்கே கட்டலாம் என்று கையேட்டைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சஸ்பென்ஷனைப் பாதி அமுங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும், அடித்தட்டு வரை இறுக்க வேண்டாம். பக்க ஸ்டாண்ட் மேலே இருக்கட்டும். கியரில் விடுங்கள். டி.சி.டி. என்றால் பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள். பட்டையில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் சிறியதுதான் வேலைச்சுமை, கணக்குக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பி முதல் 30 மைலுக்குள் ஒரு கேஸ் ஸ்டேஷனில் நிறுத்துங்கள். பைக் ஆடி ஆடி உட்கார்ந்திருக்கும், பட்டைகள் ஒரு கிளிக்காவது தளர்ந்திருக்கும். பக்கக் கதவைத் திறந்து நான்கையும் இழுத்துப் பாருங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மீண்டும் ஒருமுறை பாருங்கள், புது ட்ரெய்லரில் முதல் 50 மைலுக்குப் பிறகும் இதைச் செய்ய வேண்டும். அப்புறம் இரண்டு சக்கர மையங்களுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாத அளவு சுட்டால் பேரிங்கில் கிரீஸ் போயிருக்கும், இல்லை அந்தப் பக்கத்து பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கேயே நிறுத்தி ஆள் வரவழையுங்கள்.